உரும்பிராய்ப் பந்தலும் பொங்கலன்று வெடித்த பதினொரு போத்தலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 தைப்பொங்கல் விடியற்காலை. முற்றத்தில் பானை பொங்கி வழிய, பிள்ளைகள் சீனவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். குசினிக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறைக்குள்ளும் அதே நேரம் வெடித்துக்கொண்டிருந்தது. யாருக்குத் தெரியும்? படையல் முடிந்து, வாழைப்பழச் சீப்பு எடுக்க அக்கா அந்தக் கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. நிலமெல்லாம் கண்ணாடித் துண்டு. சுவரில் முகட்டு உயரத்துக்கு ஊதா நிறம். ஒரு கிழமைக்கு முன்னர் அடைத்து வைத்த 48 போத்தல் முந்திரிகைச் சாற்றில் 11 போத்தல் போய்விட்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டு வாசகர்கள் பாயசத்துப் பருப்பை நினைத்துவிட வேண்டாம். அது எங்களுக்கு மரமுந்திரிகை, கடையில் கஜு.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா வீட்டுத் தோட்டத்துக்குச் சம்பளமில்லாத ஆலோசகர். வெடித்தது போத்தல்தான் என்றாலும், ஏன் வெடித்தது என்று பின்னோக்கித் தேடிப் போனபோது பந்தல், கிணறு, கொடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தரி என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. அந்தத் தேடலை ஒழுங்காக எழுதி வைத்தால் வேறு தோட்டக்காரருக்கும் உதவும் என்பதால் இது.

தோட்டம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மூன்று பரப்பு (ஐந்தில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு) செம்மண். பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் 60 கொடிகள், எல்லாம் இஸ்ரேல் புளூ. கொங்கிறீற் தூண், மேலே ஜி.ஐ. கம்பிப் பந்தல். அத்தானின் தகப்பன் காலத்துப் பந்தல் 1995 இடப்பெயர்வோடு அழிந்தது. திரும்பி வந்தபோது தூண்கள் மட்டும் நின்றன, கம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது நிற்பது பிறகு நட்ட கொடிகள்.

இஸ்ரேல் புளூ அப்படியொன்றும் தேன் போல இனிக்கிற இனம் இல்லை. விதை உண்டு, புளிப்பும் உண்டு. ஆனால் நோயை ஓரளவு தாங்கும், காய்க்கும். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கங்களில் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதுதான். கார்டினலும் மஸ்கற்றும் வைத்துப் பார்த்தவர்கள் பலர். பூஞ்சணத்துக்கு மருந்தடித்துக் களைத்துப்போய்த் திரும்பவும் இதற்கே வந்தார்கள்.

அக்காவின் மகன், என் மருமகன், தெற்கு அவுஸ்திரேலியாவில் ரென்மார்க்கில் இருக்கிறான். மரே ஆற்றங்கரையில் ரிவர்லாண்ட் என்று சொல்லப்படும் பகுதி. அவுஸ்திரேலியாவிலேயே மிக அதிகமாக வைன் முந்திரிகை விளைவது அங்கேதான். முதலில் கொடி வெட்டப் போனவன், இப்போது வைன் ஆலைக்குள் தாங்கிகளைப் பார்த்துக்கொள்கிறான். வட்ஸ்அப்பில் தினம் படம் வரும். தொடுவானம் வரைக்கும் கொடி வரிசை, பின்னால் மண்ணிற ஆறு. அத்தான் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "எங்களுக்கும் ஒரு ஆறு இருந்தால்" என்பார். எங்களுக்கு இருப்பது மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் உரும்பிராய்க்கு வராது.

போத்தலில் இருந்து தொடங்குவோம்

2023 ஜனவரி முதல் கிழமை அறுவடை. பழம் கண்ணுக்குக் கறுப்பு, வாய்க்குத் தண்ணீர். பாதிக்கு மேல் தோல் வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அரை விலை சொன்னார். அதுக்குக் குடுக்கிறதை விடச் சாறாக்கிப் போடலாம் என்று அக்கா சொன்னார். தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம் குடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 1928இல் அருட்தந்தை தோமஸ் அடிகள் தொடங்கிய செபமாலைதாசர் சபைத் துறவிகள் நெல்லிரசமும் முந்திரிகை ரசமும் செய்து பேர் வாங்கியவர்கள். அவர்கள் செய்தால் எங்களுக்கும் வரும் என்று ஒரு நினைப்பு.

வெடித்த பழம் ஏறத்தாழ 60 கிலோ. மூன்று பானை சாறு, பானைக்குப் பதினாறு போத்தல். வெடித்தவை எவை என்று கழுத்தில் ஒட்டியிருந்த பானை எண் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். பதினொன்றும் மூன்றாம் பானை. அந்தப் பானையில் மீதி ஐந்து போத்தலை முற்றத்தில் வைத்து, சாக்கால் மூடி, மூடியைத் திருகினேன். ஐந்தும் சீறின. ஒன்று பந்தல் வரைக்கும் பாய்ந்தது. முதல் இரண்டு பானைப் போத்தல்களும் அமைதியாக இருந்தன.

மூன்றாம் பானைக்கு மட்டும் என்ன நடந்தது? அக்கா நினைவுபடுத்திச் சொன்னார். முதல் இரண்டு பானையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது. இரண்டு போத்தல் சூட்டில் கீறு விட்டது. அப்போது அங்கே நின்ற ஒருவர், "ஆற விட்டு ஊத்துங்கோ அக்கா, போத்தல் உடையாது" என்று யோசனை சொன்னார். மூன்றாம் பானை இரவு முழுக்கத் துணி மூடிக் கிடந்து, மறுநாள் காலையில் போத்தலுக்குள் போனது.

யோசனை சொன்னவர் நான்தான்.

வெடித்த பழத்தைப் பழ ஈ மொய்க்கும். அதன் காலிலும் வயிற்றிலும் மதுவம் (ஈஸ்ட்) வரும், இனிப்பைத் தின்று வாயு விடுகிற நுண்ணுயிர் அது. நல்ல தோலுள்ள பழத்தில் மதுவம் குறைவு, காயம் பட்ட பழத்தில் பெருகிக் கிடக்கும். கொதிக்க வைத்தபோது அது செத்தது உண்மை. ஆனால் அதே குசினியில் சக்கையும் ஈயும் இருக்க, பானை இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருந்தால், திரும்பக் குடியேற அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. கழுவி வெயிலில் காய வைத்த போத்தல் சுத்தம் என்று நாங்கள் நினைத்தோம். அது கண்ணுக்குச் சுத்தம். சூடான சாறு ஊற்றியிருந்தால் போத்தலின் உட்புறத்தையும் அந்தச் சூடே பார்த்துக்கொண்டிருக்கும். ஆறிய சாற்றுக்கு அந்த வேலை தெரியாது.

இன்னொரு காரணம் சீனி. வழக்கமான ரசத்துக்குச் சாறு எவ்வளவோ அவ்வளவு சீனி போடுவார்கள். அத்தானுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). ஆகவே லீற்றருக்குக் கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டார் அக்கா. சீனி மிகக் கூடினால் மதுவத்தால் வளர முடியாது, குறைந்தால் அதுவே அதற்கு விருந்து. நாங்கள் போட்ட அளவு விருந்து அளவு.

எவ்வளவு விருந்து என்று மருமகனிடம் கேட்டேன். அவன் ஷம்பேன் கணக்குச் சொன்னான். போத்தலுக்குள்ளேயே நொதிக்க வைக்கிற அந்த வைனுக்கு லீற்றருக்கு 24 கிராம் சீனிதான் சேர்ப்பார்களாம். அது நொதித்தால் ஆறு வளிமண்டல அழுத்தம் வரும். அதைத் தாங்கத்தான் அந்தப் போத்தல் அவ்வளவு தடிப்பு, தக்கைக்கு மேல் கம்பிக் கூடு. எங்கள் 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒவ்வொன்றிலும் பழத்தின் இனிப்பும் சேர்த்த சீனியுமாக 240 கிராமுக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு நொதித்தாலே ஷம்பேனைத் தாண்டிவிடும். எங்களிடம் இருந்தது பழைய சாராயப் போத்தல்.

"மாமா, ஆக்கள் அறைக்குள்ள நிக்காதது பெரிய புண்ணியம்" என்றான். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

பழம் ஏன் வெடித்தது

போத்தல் கதை இதோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் பழம் நன்றாக இருந்திருந்தால் சாறு காய்ச்சும் தேவையே வந்திருக்காது. மருமகன் அனுப்பி வைத்த கைக்கருவியில் இரண்டு துளி சாறு விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். 13 பிரிக்ஸ். அதாவது நூறு கிராம் சாற்றில் 13 கிராம் அளவுக்கு இனிப்பு. ரென்மார்க்கில் சிவப்பு வைனுக்கு 23, 24 வந்த பிறகுதான் பறிப்பார்களாம். எங்களுக்கு அது வேண்டாம், நாங்கள் விற்பது சாப்பிடுகிற பழம். என்றாலும் 13 வெட்கக்கேடு.

எல்லாரும் வெக்கையைக் குற்றம் சொன்னார்கள். "யாழ்ப்பாண வெயிலுக்கு இவ்வளவுதான்" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. ரென்மார்க்கில் கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் இனிப்பு வருகிறது, இங்கே மட்டும் வராதா?

நாட்குறிப்பை எடுத்தேன். 2022 செப்டெம்பர் 20 கவ்வாத்து. இஸ்ரேல் புளூ கவ்வாத்திலிருந்து அறுவடைக்கு எங்கள் தோட்டத்தில் 105 முதல் 110 நாள் எடுக்கும். அப்படியென்றால் பழம் நிறம் மாறித் தண்ணீர் ஏறுகிற கட்டம் சரியாக டிசம்பர். டிசம்பர் இரண்டாம் கிழமை மாண்டஸ் புயல். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் செத்து விழுந்த அந்தக் கிழமை. பழுக்கிற முந்திரிகைக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. நிறம் மாறத் தொடங்கியதும் தோல் மெலியும். உள்ளே இனிப்பு ஏற ஏற, வேரும் தோலும் இரண்டு பக்கத்தாலும் தண்ணீரை இழுக்கும். கொஞ்ச நாள் காய்ந்து கிடந்த மண்ணுக்குத் திடீரென்று மழை கிடைத்தால் தோல் தாங்காது. முகில் மூடிய நாட்களில் இலைக்கும் வேலை இல்லை, இனிப்பு எங்கிருந்து வரும்?

ஏன் செப்டெம்பரில் வெட்டினோம்? நத்தாரும் பொங்கலும் நல்ல விலை என்று ஆரோ ஒருமுறை வெற்றி கண்டார், பிறகு எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டோம். மழை பிந்திய ஆண்டில் அது சரி வரும். மழை நேரத்துக்கு வந்த ஆண்டில் பொங்கலுக்குச் சாறுதான்.

குளிர் நாட்டில் முந்திரிகைக்குப் பருவத்தை வானம் தீர்மானிக்கும். குளிரில் இலை கொட்டும், தூங்கும், வெப்பம் திரும்பியதும் அரும்பும். ரென்மார்க்கும் அப்படித்தான், ஆண்டுக்கு ஓர் அறுவடை, பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில். எங்கள் கொடி தூங்குவதே இல்லை. வெட்டினால் அரும்பும், வெட்டாவிட்டால் சும்மா படரும். இங்கே பருவம் கத்தரி பிடிக்கிறவனின் கையில் இருக்கிறது. அந்தக் கை சந்தை விலையைப் பார்த்தது, வானத்தைப் பார்க்கவில்லை.

கிணறு போட்ட உரம்

அடுத்த கேள்வி இலை. அந்தப் பந்தலுக்குள் நடுப்பகலில் நின்றால் பேப்பர் வாசிக்க முடியாது. அவ்வளவு இருட்டு. யூரியாவின் நைதரசன் கூடினால் இலை அடரும், நிழலில் கிடக்கிற குலைக்கு இனிப்பு ஏறாது. யூரியா போடுவதைக் குறைக்கச் சொல்லி அத்தானிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "போடாட்டி கொடி நிக்குமே?" என்பார்.

ஆனால் 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. அந்த ஆண்டு தோட்டத்துக்குப் பெரும்பாலும் மாட்டெருதான். நெல் விதைத்தவர்கள் கண்ணீர் விட்ட ஆண்டு. இந்தப் பந்தல் மட்டும் வழக்கம்போல இருண்டு கிடந்தது. அப்போது நான் அதைக் கவனித்தேன், காரணம் தேடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வரும் சோம்பல்.

போத்தல் வெடித்த பிறகுதான் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைத்திரேற்று லீற்றருக்கு 70 மில்லிகிராம். குடிநீருக்கு 50 என்பது எல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது புதினமே இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் மெல்லிய செம்மண், அதற்கு மேல் நாங்கள் கொட்டுகிற யூரியாவும் எங்கள் மலசலகூடக் குழிகளும். மாரியில் எல்லாம் கரைந்து கீழே போகிறது. கோடையில் அதையே இறைத்து ஊற்றுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாத்தி கட்டி, நாலு நாளுக்கு ஒருமுறை, கொடிக்கு 250 லீற்றர். ஒரு கோடைப் போகத்தில் 25 இறைப்பு. 60 கொடிக்கு மொத்தம் 375,000 லீற்றர். அதில் உள்ள நைத்திரேற்றில் நைதரசன் மட்டும் ஏறத்தாழ ஆறு கிலோ, யூரியாவாகச் சொன்னால் 13 கிலோ. அத்தான் சாக்கில் இருந்து போடுவதற்கு முன்னரே கிணறு 13 கிலோ போட்டு முடித்துவிடுகிறது. இலை ஏன் இருளாது?

இதைச் சொன்னபோது அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ர காசைக் கிணத்துக்க போட்டு, கிணத்தில இருந்து திருப்பி அள்ளுறன்" என்றார். என் இருபத்தைந்து ஆண்டு வகுப்புகளில் நிலத்தடி நீர் பற்றி நான் அவ்வளவு தெளிவாகச் சொன்னது கிடையாது.

இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பாவிப்பதையும் அன்றோடு நிறுத்தினோம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

செய்த மாற்றம்

2023இல் கவ்வாத்து நாளை மாற்றினோம். பெப்ரவரி 10 ஒன்று, மே கடைசியில் அறுவடை. ஜூன் 12 இன்னொன்று, செப்டெம்பர் கடைசியில் அறுவடை. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை கொடியைச் சும்மா விடுவது. மூன்று போகத்தை இரண்டாக்கினால் நட்டம் என்று அத்தான் கணக்குச் சொன்னார். மூன்றாவது போகம் சாமான் அறைச் சுவரில் இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார்.

யூரியா முழுக்க நிறுத்தம். குலையைச் சுற்றிய இலைகளைக் கிள்ளினோம், ஆனால் மேற்கு வெயில் படுகிற பக்கத்தில் விட்டுவைத்தோம். அணிலுக்கும் வௌவாலுக்கும் வலை. சொல்ல ஒன்றுமில்லை, வலை போட்டால் சாப்பிடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் மருமகனோடு சண்டை. பாத்தியை விட்டுச் சொட்டு நீருக்கு மாறச் சொன்னான். மாறினோம். மூன்று மாதத்தில் பாதிச் சொட்டி அடைத்துவிட்டது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல். ஆற்றுத் தண்ணீரில் வேலை செய்கிறவனுக்கு இது தோன்றவில்லை. கிழமைக்கு ஒருமுறை மெல்லிய அமிலக் கரைசல் ஓடவிட்டுச் சமாளிக்கிறோம். கொடிக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் என்று தொடங்கினோம். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் அவன் சொன்னான்:

"மாமா, இப்ப பாதியாக் குறையுங்கோ."

"பழம் பெருக்கிற நேரம் தண்ணியைக் குறைக்கிறதே? கொடி காஞ்சு போகுமடா."

"காயாது. பெருக்கிறது தண்ணியாலதான் பெருக்குது. உங்களுக்கு என்ன வேணும், நிறையோ இனிப்போ?"

முந்திரிகையைக் கொஞ்சம் தாகத்தோடு வைத்து வளர்க்கிற இந்த முறையை அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இப்படியான ஆற்றங்கரைத் தோட்டங்களில்தான் பெரிதும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரிவர்லாண்ட்டில் ஆண்டு மழை 250 மில்லிமீற்றர் அளவுதான். எங்களுக்கு 1,200க்கு மேல். கனடாவில் பிறந்து கலிபோர்னியாவில் நீர்ப்பாசனம் செய்து பழகிய சாஃபி சகோதரர்கள் 1887இல் ரென்மார்க்கில் வாய்க்கால் வெட்டத் தொடங்கும்வரை அது வெறும் காய்ந்த புதர். ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்குக் காட்டுகிற இடத்தில் சிக்கனம் பிறக்கத்தான் செய்யும். துலா மிதித்து இறைத்த எங்கள் பாட்டன்மாருக்கும் அந்தச் சிக்கனம் தெரிந்திருந்தது. மிசின் வந்த பிறகு மறந்துபோனோம்.

மே அறுவடை 16 பிரிக்ஸ். செப்டெம்பர் அறுவடை 17.5, சில குலைகள் 18. நிறை குறைந்தது. முன்னர் ஒரு போகம் 450 கிலோ எடுத்த இடத்தில் 370 கிலோ. ஆனால் வெடித்த பழம் இரண்டு வாளி மட்டும். சந்தை வியாபாரி வீட்டுக்கே வந்து வாங்கினார்.

சரி வராதது

எல்லாம் நன்றாக முடிந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். தெற்கு எல்லையில் ஒன்பது கொடிகள் கருகின.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது மின்கடத்துதிறன். கிணற்றில் பெப்ரவரியில் அது மீற்றருக்கு 1.1 டெசிசீமன். ஓகஸ்ட் கடைசியில் 2.3. குடாநாட்டின் கீழே நன்னீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு வில்லை. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். எல்லாக் கிணற்றின் கதையும் அதுதான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் இறைக்க இறைக்க வில்லை மெலியும். முந்திரிகைக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் இந்த எண் 1ஐத் தாண்டினாலே விளைச்சல் மெல்ல விழத் தொடங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நாங்கள் தண்ணீரைக் குறைத்தோம், உப்பைக் கழுவுகிற தண்ணீரும் அதோடு குறைந்தது. சொட்டி நனைக்கிற வட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து நின்றது.

மருமகன் ஜூலையிலேயே எச்சரித்திருந்தான்: "முதல் மழை பெய்யேக்க மிசினை நிப்பாட்டாதேங்கோ." மழை பெய்யும்போது யாராவது இறைப்பார்களா? நாங்கள் சிரித்தோம். செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு பாட்டம் மழை பெய்தது. அத்தான் சந்தோஷமாக மிசினை நிறுத்தினார். மூன்றாம் நாள் அந்த ஒன்பது கொடியிலும் இலை விளிம்பு சுருட்டுப் போலக் கருகியது. ஓரத்தில் பூத்திருந்த உப்பை அந்தச் சின்ன மழை வேருக்குள் கழுவி விட்டது. கீழே தள்ளிவிடுகிற அளவுக்கு மழை போதாது. இறைப்பும் ஓடியிருந்தால் வேரடியில் இருந்து உப்பை வெளியே தள்ளியிருக்கும்.

மரே ஆற்றங்கரைக்காரருக்கு இது அடிபட்டுக் கிடைத்த அறிவு. அங்கே நிலத்தடி உவர்நீர் ஆற்றுக்குள் கசிகிறது. ஆற்றுக்குப் போகும் முன்னரே அதைக் குழாய்க் கிணற்றால் உறிஞ்சி, தூரத்துக் குட்டையில் ஆவியாக விடுகிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. மாரி வந்தால் ஒரு மாதத்தில் கழுவிவிடும். கழுவியது கிணற்றுக்கே போகிறது என்பது வேறு.

உப்பைத் தாங்குகிற ராம்ஸி என்ற அடிக்கட்டையில் ஒட்டினால் நல்லது என்றான் மருமகன். அங்கே அது பரவலாக உண்டு. ஓகஸ்டில் வரும்போது பெட்டிக்குள் நாலு தடி வைத்துக் கொண்டு வரட்டா என்று கேட்டான். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் நான் மறுத்திருப்பேன். தடியோடு என்ன நோய் வரும் என்று யார் கண்டார்? ஒன்பது குழியிலும் இப்போது மாதுளை. உவரைக் கொஞ்சம் தாங்கும்.

வைன் பேச்சு

ஓகஸ்டில் வந்த மருமகன் செப்டெம்பர் அறுவடை வரை நின்றான். பழத்தைக் கண்டதும் கை துருதுருத்தது. "மாமா, ஒரு பத்து லீற்றர் போட்டுப் பார்ப்பமே?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது. அனுமதி இல்லாமல் வீட்டில் எதையும் நொதிக்க வைக்க முடியாது, பனங்கள்ளுக்கே அனுமதி வேண்டிய ஊர் இது. எங்கள் வீட்டில் ஒருமுறை அனுமதி கேட்காமல் நொதித்தது போதும்.

ஆகவே சாற்றை வைத்துப் பேச மட்டும் செய்தோம். புளிப்பை அளக்கிற பி.எச். மானியை விட்டான், எண் கூடினால் புளிப்புக் குறைவு. 3.8. முகத்தைச் சுளித்தான். 3.6க்குக் கீழே இருந்தால் நல்லது, அங்கேயும் வெக்கையில் அது ஏறும், தாத்தாரிக் அமிலம் சேர்த்து இறக்குவார்கள். ஆனால் ரென்மார்க்கில் கோடை இரவு நன்றாகக் குளிரும். பகலில் எரிகிற புளிப்பு இரவில் ஓய்வெடுக்கும். யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் இரவு 27 பாகை. பழத்தின் மலிக் அமிலம் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். இதற்குக் கத்தரியாலும் வழியில்லை, சொட்டியாலும் வழியில்லை. இனிப்பை நாங்கள் கூட்டலாம், புளிப்பை வைத்திருக்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் வெக்கையைக் குற்றம் சொன்னது இந்த ஓர் இடத்தில் சரி.

அதோடு, 18 பிரிக்ஸ் முழுக்க நொதித்தாலும் பத்து வீத மதுசாரந்தான் வரும். நொதிக்கும்போது சாறு தானாகச் சூடேறும். 35 பாகை தாண்டினால் மதுவம் களைத்து நின்றுவிடும், மிச்ச இனிப்பில் வினாகிரிக் கிருமி குடிவரும். அதனால்தான் அங்கே தாங்கியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது, வெக்கை நாளில் இரவில் மெசினால் பறிக்கிறார்கள். இங்கே அறை வெப்பமே 32. கரண்ட் பில் கட்டி ஒரு குளிர் அறை வைக்கிறவருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அனுமதியோடு. அக்கா வீட்டுக்கு இது சாப்பிடுகிற பழமும் ரசமும்தான் என்று நான் முடிவெழுதினேன். மருமகனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

மிஞ்சிய பழத்தில் 30 போத்தல் ரசம் காய்ச்சினோம். இம்முறை போத்தல்களைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கி, 85 பாகைச் சாற்றை ஊற்றி, மூடி, இரண்டு நிமிடம் தலைகீழாக வைத்தோம், மூடியின் உட்புறத்துக்கும் சூடு படட்டும் என்று. ஒன்றும் கீறு விடவில்லை. அத்தானுக்கு மட்டும் சீனி சேர்க்காமல் நாலு போத்தல், அது குளிர்சாதனப் பெட்டியில்.

2024 பொங்கலுக்குள் ஒரு போத்தல்கூட வெடிக்கவில்லை. அன்று காலை படையலுக்கு வாழைப்பழம் எடுக்க வேண்டியிருந்தது. அக்கா சாமான் அறைத் திறப்பை என் கையில் தந்துவிட்டு, "நீ போய் எடு தம்பி" என்றார்.